வாசர் போடாத கட்டில்

ஒரு கட்டிலுக்கு எட்டு போல்ட், எட்டு நட், பதினாறு வாசர். எல்லாவற்றையும் ஒரு காடாத் துணிப் பையில் போட்டு, வாயைச் சணலால் கட்டி, தலைமாட்டுக் குழாயில் தொங்கவிட வேண்டும். கூடவே ஒரு ஸ்பேனர். நாலு வருசம் நான் செய்த வேலை அதுதான். எழுபதுகளில், மலையாளப் பக்கத்து எல்லையில் இருக்கிற கஞ்சிக்கோட்டில், ரோட்டை ஒட்டி இருந்த ஒரு இரும்புச் சாமான் கம்பெனியில்.

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு வரைதான். எழுதிப் பழக்கம் இல்லை. இத்தனை வருசம் ஆகியும் கோபம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கட்டில் துண்டு துண்டாகத்தான் கம்பெனியை விட்டு வெளியே போகும். தலைமாடு ஒன்று, கால்மாடு ஒன்று, பக்கத்துக்கு ஒரு சட்டம், நடுவில் போட தகரப் பட்டைகள். எல்லாவற்றையும் அடுக்கிச் சாக்கில் சுற்றினால் ஒரு ஆள் தூக்கலாம். வாங்கிப் போகிறவர்கள் வீட்டில் வைத்துப் போல்ட் போட்டுப் பூட்டிக்கொள்வார்கள். எங்கள் பக்கம் கழட்டுக் கட்டில் என்று சொல்வார்கள்.

எது முதலில் தேயும் என்று எனக்குத் தெரியும். காலில் இருக்கிற ரப்பர் தேய்ந்தால் தரையில் கீறல் விழும். கட்டில் நிற்கும். தகரப் பட்டை தொய்ந்தால் முதுகு வலிக்கும். கட்டில் நிற்கும். போல்ட் ஆடினால்தான் ஆபத்து. போல்ட் ஆட ஆட, அது போகிற ஓட்டை பெருக்கும். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை மாதிரி நீளும். அப்புறம் கொக்கித் தகடு பிளக்கும். சட்டத்தின் முனையில் பெருவிரல் அகலத்தில் ஒரு தகடு இருக்கும். அதுதான் கொக்கித் தகடு. குழாயைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். அது பிளந்தால் அந்த மூலை கீழே வரும்.

அது நடக்காமல் இருக்கத்தான் வாசர். நடுவில் ஓட்டை போட்ட ஒரு வட்டத் தகடு. பார்த்தால் எதற்கும் ஆகாத சாமான் மாதிரி இருக்கும். போல்ட்டின் அழுத்தத்தை அதுதான் வாங்கிக்கொள்ளும்.

எனக்கு ஒரே தங்கை. எருத்தேன்பதியில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மாவும் தாய்மாமனும் முன்னால் நின்று, கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் அவளைக் கொடுத்தார்கள். சீரில் கட்டில் கேட்டார்கள். மரக்கட்டில் வேண்டாமாம். பெண்ணோட அண்ணன் கம்பெனியில செய்யற கட்டிலே வேணும் என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கட்டிலை நானே கட்டினேன். பிசிறு இல்லாத சட்டமாகப் பார்த்து எடுத்தேன். பச்சைப் பெயிண்ட் ஒழுகாத தலைமாடாக எடுத்தேன். பையில் போல்ட்டை இரண்டு தடவை எண்ணிப் போட்டேன்.

கல்யாணத்துக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. சீர் மாட்டுவண்டியில் போனது. வழியில் ஒரு மாடு படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. போய்ச் சேரும்போது மணி பத்து. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் கட்டில் அறையில் நின்றாக வேண்டும் என்றார்கள்.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. சீர் வாசலில் இறங்கியதும் அது அவர்களுடையது. பெண் வீட்டு ஆள் அதற்கு மேல் அதைத் தொடக்கூடாது. இப்படி வை, அப்படி வை என்று சொல்லக்கூடாது. கட்டிலைப் பூட்டுகிற உரிமை மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு.

அவர் கழட்டுக் கட்டிலை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"இதென்ன கட்டிலா, பந்தலுக்கு நடற கம்பியா?" என்றார்.

"வெசயாப் பூட்டுங்கண்ணா, நேரமாவுது" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. என் தங்கைக்கு மாமியார்.

முதல் போல்ட்டுக்கு மஞ்சள் தடவினார்கள். குங்குமம் வைத்தார்கள். அவர் நட்டைக் கையால் திருகினார். ஸ்பேனரை வாங்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு கொடுத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். எட்டு போல்ட்டும் போட்டாகிவிட்டது. பையை உள்ளங்கையில் கவிழ்த்தார். பதினாறு வாசரும் அப்படியே விழுந்தது.

"இதென்னப்பா, ஓட்டைக் காலணாவாட்டம்?"

"மிச்சமாயிருச்சாட்ட இருக்குது" என்றார் ஒருவர்.

"பொண்ணு ஊட்டுக் கம்பெனி தாராளமுங்க. செட்டுக்கு மேலயே போட்டுக் குடுத்திருக்குது."

எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். "இல்லீங்க, அது வந்து..."

என் தாய்மாமன் என் காலை மிதித்தார். செருப்புக் காலோடு. காதில் சொன்னார்: "வாய மூடுடா. நம்ம சீருக்கு நாமளே குறை சொல்றதா?"

வாயை மூடிக்கொண்டேன்.

பத்தரைக்கு முன்னால் கட்டில் நின்றுவிட்டது. மாமியார் வந்து இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். "கல்லாட்டம் நிக்குது" என்றார். எந்தக் கட்டிலும் முதல் நாள் கல்லாட்டம்தான் நிற்கும்.

அப்புறம் அவர் இன்னொன்றும் சொன்னார். "இனி இதக் கழட்டப்படாது. சோடியாப் பூட்டுன கட்டிலு. அவங்க சோடி மாதிரி இதும் அப்படியே இருக்கோணும்."

கழட்டிப் பூட்டுவதற்கென்றே செய்த கட்டில் அது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை நட்டை முறுக்க வேண்டும். கழட்டக்கூடாது என்றால் முறுக்கவும் கூடாது என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பேனரை யாரோ வாழைக்குழி வெட்டுகிற இடத்தில் தொலைத்தார்கள். ஸ்பேனரை வைத்து வாழைக்குழியில் என்ன செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஒன்றரை வருசம் ஓடியது. தங்கை ஏழு மாசம். ஒரு மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டு வலது மூலை அப்படியே இறங்கிவிட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விழவில்லை. விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத விரும்பவில்லை.

அந்த மூலைக்குக் கீழே செங்கல் அடுக்கினார்கள். அதோடு அவர்களுக்கு வேலை முடிந்தது. பிரசவத்துக்குத் தங்கை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை.

மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ குழந்தையோடு மாமியார் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். மூணாம் மாசம் மாப்பிள்ளை வந்தார். நல்ல மனுசன். அம்மாவுக்கு எதிராக ஒரு வார்த்தை வராது. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்லுது மச்சான்... கொழந்தையோட வர்றப்ப புதுக் கட்டிலு ஒண்ணும் வந்துட்டா நல்லதுன்னு. சீர்ச் சாமான் ரெண்டு வருசத்துல ஒடையறது ஆவாதாம்."

தங்கை உள்ளே இருந்தே கேட்டாள். "ஒடைஞ்சது ஒரு தகடுங்க. கட்டிலு ஒடையல."

"தகடு மாத்தோணும்னா கழட்டோணுமாமே?"

"ஆமாங்க."

"கழட்டப்படாதுன்னு அம்மா சொல்லுதே."

"அப்ப நான் வரலீங்க. செங்கல்லு மேல எம்புள்ளையப் படுக்க வெக்க மாட்டேன்."

"கீழ பாய் போட்டுக்கலாமல்லோ?"

"எங்கட்டிலு இருக்கறப்ப நான் ஏனுங்க பாயில படுக்கோணும்?"

அவர் போய்விட்டார். நான் அவளிடம் சொன்னேன், எப்படியாவது புதுக் கட்டிலே ஒன்று அனுப்பிவிடலாம் என்று. அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"புதுசு போனா என்ன ஆவும் தெரியுமாண்ணா? பழசு ராசியில்லாததுன்னு ஆவும். இன்னைக்குக் கட்டிலச் சொல்லுவாங்க. நாளைக்கு அதுகூட வந்தவளச் சொல்லுவாங்க. எனக்கு அதே கட்டிலுதான் வேணும். அந்தத் தகடு மட்டும் வேணும்."

அவள் சொன்னது சரி. அவளுக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே அவள் நட்ட கருவேப்பிலை இருக்கிறது, அவள் கையில் கறக்கிற மாடு இருக்கிறது, புருசன் இருக்கிறார். தோற்றுப்போய்த் திரும்பக் கூடாது, அவ்வளவுதான். ஒரு பெருவிரல் அகலத் தகட்டில் வந்து நின்றது எல்லாம்.

தகடுதானே, நான் வேலை செய்கிற இடத்தில் கிடைக்கும் என்று நினைத்தேன். ஸ்டோருக்குப் போனேன். ஸ்டோர்க்காரர் மலையாளி. மோசமான ஆள் இல்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"ஆ மாடல் மாறிப்போயல்லோ" என்றார். மாடல் மாற்றிவிட்டார்களாம். புதுத் தகட்டின் அளவு வேறு, போல்ட்டின் மரை வேறு. பழசுக்குப் புதுசு சேராது. எனக்கே தெரியும். நான்தானே இரண்டையும் பையில் போட்டவன்.

"பழைய தகடு பின்னால குமிஞ்சு கெடக்குதே சார்."

"அது ஸ்க்ராப். ஸ்க்ராப் எடுக்கான் பற்றில்லா."

ஸ்க்ராப்பை எடுக்க முடியாது. அது லாரிக்காரன் எடை போட்டு எடுத்துப் போவதற்கு. பின்பக்கம் மழையில் நனைந்து துருப்பிடித்துக்கொண்டிருந்த அந்தக் குவியலில் நூறு கட்டிலுக்குத் தகடு இருந்தது. எனக்கு வேண்டியது ஒன்று.

ஆபீசுக்குப் போனேன். அங்கே இருந்தவர் பேனாவை மூடாமலே பேசினார். உதிரியாக விற்கிற வழக்கம் இல்லை என்றார். வேண்டுமென்றால் புதுக் கட்டில் எடுத்துக்கொள் என்றார். அப்புறம், "பூட்டியவன் சரிக்குப் பூட்டியில்ல. அதாணு காரணம்" என்றார்.

கம்பெனியில் கேட்டால் பூட்டினவன் சரியில்லை. அந்த வீட்டில் கேட்டால் செய்தவன் சரியில்லை. செய்தவனும் நான், சீராகக் கொடுத்தவனும் நான். பூட்டினவரை யாரும் கேட்கவில்லை.

அதே வாரம் ஆபீசில் என்னைக் கூப்பிட்டார்கள். தமிழில் ஒரு கடுதாசி வந்திருக்கிறது, படித்துச் சொல் என்றார்கள். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து வந்திருந்தது. மேலே சிலுவை போட்டு ஆரம்பித்திருந்தார்கள். எஸ்டேட் லாரியில் கட்டில் வந்தபோது பை கிழிந்து ஒரு போல்ட் எங்கோ விழுந்துவிட்டதாம். மற்றபடி கட்டில் நன்றாக இருக்கிறதாம். ஒரு போல்ட் மட்டும் தபாலில் அனுப்பினால் போதுமாம். அந்த மூலைக்கு விறகுக் கட்டை வைத்திருக்கிறார்களாம். படுக்கிறவர் சீக்காளியாம்.

படித்துச் சொன்னேன். கேட்டவர் தலையாட்டினார். கடுதாசியை வாங்கி ஒரு கம்பியில் குத்தி வைத்தார். அந்தக் கம்பியில் ஏற்கெனவே நிறைய கடுதாசி இருந்தது.

என் பெஞ்சு அங்கிருந்து இருபது எட்டு. பெஞ்சின் மேல் ஒரு தொட்டி நிறைய போல்ட். கேட்டில் வேட்டி மடிப்பைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். நான் எடுக்கவில்லை. அந்த லயத்துக்கு ஏதாவது பதில் போயிற்றா, எனக்குத் தெரியாது. அந்தக் கோபத்தில் பாதி என் மேல்தான்.

குழந்தைக்கு அஞ்சு மாசம் முடிந்தது. ஆறு முடிந்தது. ஊரில் கேட்க ஆரம்பித்தார்கள். தண்ணிக்குப் போனால் கேட்டார்கள். ரேஷன் கடையில் கேட்டார்கள்.

"ஏனம்மிணி, இன்னும் அம்மா ஊட்டுச் சோறு சலிக்கலையா?"

"அடுத்த பிரசவமும் பாத்துட்டுத்தான் போவீங்களா?"

தங்கை திருப்பிக் கொடுப்பாள். "உங்கூட்டுச் சோத்த நான் கேக்கலீங்களே அக்கா." வீட்டுக்கு வந்து குடத்தை வைக்கிற சத்தத்தில் தெரியும் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று. அம்மா என்னைப் பார்ப்பார்.

ஏழாம் மாசம் ஒரு நாள் எங்கள் கிணற்றில் பம்பு செட் நின்றுவிட்டது. குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் பிளேஞ்சைக் கழட்டினேன். போல்ட் ஒன்று கையில் இருந்தது. அரை இஞ்சு கனம். கட்டில் போல்ட்டைவிடத் தடிமன். பெருத்துப் போன ஓட்டைக்கு இது சரியாக வரும் என்று அப்போதுதான் தோன்றியது. ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெருக்கி வட்டமாக்கிவிட்டால் போதும். இந்தப் போல்ட்டுக்கு யாரிடமும் கெஞ்ச வேண்டாம். எங்கள் பக்கம் எந்தத் தோட்டத்திலும் கிடக்கும்.

கொழிஞ்சாம்பாறையில் பம்பு செட் மெக்கானிக் ஒருவர் இருந்தார். தகட்டுக்கு மனசில் இருந்த அளவை அட்டையில் வெட்டிக்கொண்டு போனேன்.

"என்ன மாப்ள, கட்டிலுக்குத் தண்ணி எறைக்கப் போறியா?" என்றார்.

"ஆமாங்க."

"கொறைஞ்ச ஆழந்தான், ரெண்டு எச்பி மோட்டாரே போதும்."

சிரித்துக்கொண்டே நாலு தகடு வெட்டி, வளைத்து, ஓட்டை போட்டுக் கொடுத்தார். பம்பு செட் போல்ட் எட்டும், அதற்கேற்ற பெரிய வாசர் பதினாறும் பொறுக்கிக் கொடுத்தார். கம்பெனித் தகட்டைவிட ரெட்டைக் கனம். கை டிரில்லையும் கொடுத்து, திங்கட்கிழமை திருப்பித் தர வேண்டும் என்றார். கம்பெனியில் நாலு மாசமாகக் கிடைக்காதது அரை மணியில் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். தங்கை, குழந்தை, நான். எங்கள் தாய்மாமனிடம் சொல்லவில்லை. சொன்னால் காலை மிதிக்கக் கூடவே வந்துவிடுவார். பஸ்ஸில் தங்கை சொன்னாள்:

"இன்னைக்கு அவங்க கட்டிலத் தொட விடலைன்னா இதே பஸ்ஸுல உங்கூடத் திரும்பிருவேண்ணா. அப்பறம் நான் அங்க போறதில்ல. யாரு வந்து கூப்பிட்டாலும்."

"ம்" என்றேன்.

"நீ ம்முன்னு மட்டும் சொல்லாத. அங்க வந்து ஏதாச்சும் பேசு."

வாசலில் மாமியார் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். குழந்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. வந்து கன்னத்தை வழித்தார். அப்புறம் எங்களுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தார்.

"வண்டி பின்னால வருதுங்களா தம்பி?"

"வண்டி இல்லீங்க அத்தை."

"கட்டிலு?"

"கட்டிலு உள்ள இருக்குதுங்களே."

பையைக் கீழே வைத்தேன். தகடும் போல்ட்டும் சத்தம் போட்டது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"கழட்டறதுக்கா வந்தீங்க? ஆவாதுன்னு எத்தன தடவ சொல்றது?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமனும் வந்துவிட்டார். அன்றைக்குக் கட்டிலைப் பூட்டியவர். தங்கையின் மாமனார் மாட்டுக் கொட்டாயிலிருந்து சாணிக் கையோடு வந்தார். மாப்பிள்ளை வயலில்.

"நாம் பூட்டுன கட்டில நீ கழட்டறதா?" என்றார் தாய்மாமன். "என்னடா கொறை கண்ட அதுல?"

ரெண்டு வருசத்துக்கு மேல் உள்ளேயே வைத்திருந்தேன். வந்துவிட்டது.

"வாசரு போடலீங்க."

"என்னது?"

"அன்னைக்குப் பையில மிச்சமாச்சே, ஓட்டைக் காலணான்னு சொன்னீங்களே. அது மிச்சமில்லீங்க. போல்ட்டுக்கு முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு போடோணும். போடாததால ஓட்டை பெருத்துப் போச்சு. அதான் எறங்கிருச்சு."

தாய்மாமன் கேட்டார்: "அன்னைக்கே சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

பெண் வீட்டுக்காரன் பேசக்கூடாது என்று முறை வைத்ததும் அவர்கள். ஏன் பேசவில்லை என்று கேட்பதும் அவர்கள். பேசியிருந்தால் சீருக்கு வந்த இடத்தில் எகத்தாளம் பேசினான் என்றிருப்பார்கள். பேசாததால் இப்போது குற்றம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தப்பு என்னுடையதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த முறையே என்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மாமனார் மட்டும் யோசித்துக்கொண்டே நின்றார்.

"அந்த வட்டத் தகடா?" என்றார். "கொட்டாயித் தகரத்துக்கு ஆணியடிச்சப்ப வெச்சு அடிச்சுட்டமே!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். மாட்டுக் கொட்டாயின் தகரக் கூரையில், ஒவ்வொரு ஆணிக்கும் கீழே, என் கையால் எண்ணிப் போட்ட வாசர். வெயிலில் பளபளவென்று இருந்தது.

"எந்தக் காத்துக்கும் அசையலியே" என்றார் மாமனார், பெருமையாக.

தங்கை சிரித்தாள். சந்தோசத்தில் இல்லை. சிரித்துக்கொண்டே குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். "சித்தப் புடிங்க அத்தை" என்றாள். என் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

நான் வாசல்படியோடு நின்றுவிட்டேன். அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து முதல் நட்டைத் தொட்டாள். ஸ்பேனர் தேவைப்படவில்லை. கையோடு வந்துவிட்டது.

"அம்மிணி! கழட்டப்படாதுன்னு சொல்றனல்லோ!"

கையில் குழந்தை. மாமியாரால் தடுக்க முடியவில்லை. குழந்தை அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"நாலு துண்டாத்தான் அத்தை இது வண்டியில வந்துச்சு" என்றாள் தங்கை, திரும்பிப் பார்க்காமல். "அன்னைக்கு ஆவாதுன்னு யாரும் சொல்லலியே. நான் சோடி பிரிஞ்சு அம்மா ஊட்டுல எத்தன மாசம் இருந்தேன்? அப்ப கட்டிலு இங்க பூட்டித்தான இருந்துச்சு? அது பூட்டியிருந்து எனக்கு என்னுங்க ஆச்சு?"

மாமியார் குழந்தையின் விரலிலிருந்து மூக்குத்தியை விடுவித்துக்கொண்டார்.

"கழட்ட விடுங்க. இல்லீன்னா எம்புள்ளையக் குடுங்க. நான் அண்ணங்கூடப் போறேன். திரும்ப வர மாட்டேன்."

அப்போது மாப்பிள்ளை வந்தார். யாரோ வயலில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மண்வெட்டி தோளில், கால் முழங்கால் வரை சேறு. வாசலில் நின்று எல்லார் முகத்தையும் பார்த்தார். அம்மாவை இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். சேற்றுக் காலோடு உள்ளே போய்த் தலைமாட்டைப் பிடித்தார்.

"அந்தப் பக்கம் நீ தூக்கு" என்றார் தங்கையிடம்.

அவ்வளவுதான் அவர் பேசியது. அது போதுமாக இருந்தது.

கட்டிலை வெளிவாசலில் கொண்டுவந்து போட்டோம். நாலு துண்டு. ஓட்டைகளைப் பார்த்தால் கேவலமாக இருந்தது. எட்டில் ஆறு நீண்டு போயிருந்தது. வலது மூலைத் தகடு கிளிமூக்கு மாதிரி பிளந்து கிடந்தது. அதன் மேல் அன்றைக்குத் தடவின மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளந்த தகட்டை மாமியாருக்கு எதிரே நீட்டினேன். பார்த்தார். வாங்கவில்லை.

கை டிரில் சுற்றுவது லேசு இல்லை. குழாயை மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார். இரும்புச் சுருள் சுருளாக விழுந்தது. தாய்மாமன் போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. மூணாவது ஓட்டையில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கோணலாப் போவுது பாரு."

"இல்லீங்க."

"எனக்குக் கண்ணு தெரியாதா? கோணலாப் போவுது."

கோணலாகப் போகவில்லை. எட்டு ஓட்டையும் போட்டேன். நாலு மூலைக்கும் புதுத் தகடு. பம்பு செட் போல்ட்டுக்கு முன்னாலும் பின்னாலும் வாசர். இந்தத் தடவை ஒவ்வொரு வாசரையும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போட்டேன். தங்கை, "ம், தெரியுது, போடு" என்றாள்.

அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்டும்போது மத்தியானம் ஆகிவிட்டது. நல்ல நேரமா கெட்ட நேரமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் மாப்பிள்ளையும் ஏறி நின்று குதித்தோம். கட்டில் வாய் திறக்கவில்லை. செங்கல்லைத் தங்கை தூக்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் போட்டாள்.

குழந்தை மாமியாரின் தோளில் தூங்கியிருந்தது. அவர் அறைக்குள் வந்தார். கட்டிலின் மேல் ஒரு பழைய சேலையை மடித்து விரித்தார். குழந்தையைப் படுக்க வைத்தார். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். மூலையைப் பார்த்துக்கொண்டு. அது இறங்கவில்லை.

வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "காது குத்துச் சீருக்காச்சும் பாத்து நல்ல சாமானாக் குடுங்க தம்பி."

பழைய நானாக இருந்தால் சரிங்க என்றிருப்பேன்.

"சாமான் அன்னைக்கும் நல்லதுதானுங்க அத்தை. பூட்டுனதுதான் சரியில்ல."

தாய்மாமன் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். யாரும் கூப்பிடவில்லை. மாமனார் கொட்டாய்ப் பக்கம் நடந்தார். மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நெல்லைக் கிளறப் போனார். அந்த வீட்டில் இன்றுவரை அது ஒட்டுப் போட்ட கட்டில்தான். அந்த அறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்வார். தங்கையின் அடுத்த இரண்டு பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தன. அதை அவர் சொல்லமாட்டார்.

தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள். பசி இல்லை என்றேன். பசித்தது. அந்த வீட்டுச் சோறு அன்று இறங்காது என்று தெரிந்தது.

"பேசச் சொன்னன்தான். இவ்வளவா பேசச் சொன்னேன்?" என்றாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை முழுக்க எண்ணெய்க் கரி. உள்ளே குழந்தை சிணுங்கியது. "செரி, நீ போண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கொல்லங்கோட்டில் பஸ் ஏறினேன். கண்டக்டர் எத்தனை என்று கேட்டார். ஒன்று என்றேன்.